அளவெடுத்துத் தைத்த படகு

உனக்கு வேறு வேலையே கிடையாதா? பரீட்சைக்குப் படி என்றால் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, "ஆச்சி, நம்ம வீட்டுப் புறவாசல்ல ஒரு காலத்துல பாய்மரப் படகு நின்னுச்சாமே, நெசமா?" என்று வந்து நிற்கிறாய். எவள் சொன்னாள்? கல்யாண வீட்டுக்குப் போனால் பாயசத்தைக் குடித்தோமா, வெற்றிலையை வாங்கினோமா என்று திரும்பி வர வேண்டும். நீ ஊர்க் கதையையும் இலையில் மடித்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். தெரிந்து என்ன செய்யப் போகிறாய்? அழுவாய். அழுதுவிட்டு என் முந்தானையில் மூக்கைத் துடைப்பாய். இந்தச் சேலை இன்றைக்குத்தான் துவைத்து உடுத்தியது.

சரி, உட்கார். நடுவில் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவேன். எங்கே போக, முட்டி வலி. ஆனாலும் வாயைத் திறக்காதே.

உன் தாத்தாவைத் தையல்காரர் என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். தென்காசியில் கோயில் வாசலுக்குப் போகிற தெருவில் ஒற்றை மிஷின் போட்ட கடை. அதிகம் பேச மாட்டார். எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், தோளைப் பார்ப்பார். வலது தோள் இறக்கம், கழுத்து குட்டை என்று மனசுக்குள் அளவெடுத்துக்கொள்வார். கல்யாணம் முடிந்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "இந்த ஜம்பர் யாரு தச்சது? கைக்குழி இழுக்கே." அந்த மனுஷனோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

எங்களுக்கு உன் அப்பனுக்கு முன்னால் ஒரு மகள் இருந்தாள். முழிக்காதே. அவளைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, அதனால் உனக்குத் தெரியாது. நடக்கத் தொடங்குகிற வயசில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இரண்டு காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். எண்ணெய் தேய்த்தோம், குற்றாலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் அருவியில் காட்டினோம், வேண்டாத சாமி இல்லை. கால் இரண்டும் துவண்ட கீரைத்தண்டு மாதிரி அப்படியே இருந்தன. ஆனால் இடுப்புக்கு மேலே அவள் ராணி. கை அப்படி ஓடும். பத்து வயசு தாண்டுவதற்குள் சட்டைக்குக் காஜா எடுக்கப் படித்துக்கொண்டாள். காலையில் அவள் அப்பா சைக்கிள் கேரியரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவருவார். வாசலில் வந்து நின்றதும் அவள்தான் குரல் கொடுப்பாள்.

"யம்மா, ரயில்வே பார்சல் வந்திருக்கு. பைய எறக்குங்க, உள்ள கண்ணாடி இருக்கு."

வாய் என்னுடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தூக்கினால் அவளுக்குப் பிடிக்காது. நான் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். "நல்லா வளந்த பொண்ண இப்படி எத்தன நாளைக்கு மதினி தூக்குவிய?" என்று எவளாவது கேட்பாள். என் தோள் நனையும். வீட்டுக்கு வந்து இறக்கி விட்டதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஊசியில் நூல் கோப்பாள்.

அந்தக் காலத்தில் மலை மேல் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு துரைக்குக் குற்றாலத்தில் பங்களா. கட்டில், நாற்காலி, பீங்கான் என்று எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு விற்கிறார்கள், நல்ல கனத்த கித்தான் துணி ஒன்றும் கிடக்கிறது என்று யாரோ கடையில் வந்து சொன்னார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பை தைத்து விற்கலாம் என்று உன் தாத்தாவுக்கு ஆசை. காலையில் போனவர் மத்தியானம் திரும்பி வந்தார். மாட்டு வண்டியில் வந்தார். வண்டியில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. அதற்கு மேல் பாய்மரம் என்று ஒரு நீளக் கம்பு. அதற்கும் மேல் இவர்.

"என்னது இது?"

"துணி வாங்கப் போனேம்லா. துணிக்குக் கூட வந்துச்சு."

"துணிக்குக் கூட நூலு வரும், பித்தான் வரும். படகா வரும்?"

"துணி படகோடதாம். தனியாத் தர மாட்டேன்னுட்டாரு தொர வீட்டு பட்லரு."

பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். எனக்கு நாத்தனார் முறை இல்லை, சுவர் முறை. ஆனாலும் மதினிதான். "என்ன மதினி, அண்ணாச்சி தொட்டில் வாங்கிட்டு வந்திருக்காவ? விசேஷமா?" என்றாள். "ஆமா மதினி, உங்க வீட்டுக்காரவுகளப் போட்டு ஆட்டதுக்கு" என்றேன். தலை உள்ளே போய்விட்டது.

படகைப் புறவாசலில் இறக்கினோம். சின்னப் படகுதான், இரண்டு பேர் உட்காரலாம். துரை அதைக் கொல்லத்துக் காயலில் ஓட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து பங்களாக் கொட்டகையில் போட்டவர் மறந்தே போனார். வருஷக்கணக்காய்க் காய்ந்து பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடைவெளி. ஒரு பக்கம் கறையான். உன் தாத்தா பாயை உருவி முற்றத்தில் விரித்தார். கத்தரியை எடுத்தார். முற்றத்தை ஒட்டின தார்சாவில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை அப்போதுதான் கேட்டாள்.

"யப்பா, இது எப்படி ஓடும்? மிதிக்கணுமா?"

"மிதிக்க வேண்டாம். இந்தத் துணியில காத்து அடிச்சா ஓடும்."

"ஒரு கால ஊணிக்கிட்டு நிக்கணுமா?"

"உக்காந்துதான் ஓட்டணும். ஒரு கையில கயிறு, ஒரு கையில சுக்கான் கட்ட. அம்புட்டுதான்னு பட்லரு சொன்னாரு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப துணிய வெட்டாதிங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். உன் தாத்தா கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். பள்ளிக்கூடப் பை அன்றோடு போயிற்று. அவள் ஆசை எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல், அவள் ஒருத்தியாக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. அது போதும்.

பங்குனி, சித்திரை வெயிலில் வேலை நடந்தது. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து படகுக்குள் இறங்கிவிடுவார். கறையான் தின்ற பலகையை மாற்றினார். துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கிச் செப்பாணி அடித்தார். படகின் நடுவில் நீளமாக ஒரு பிளவு இருந்தது. "ஓட்டப் படகத் தலயில கட்டிட்டான் தொர" என்று நான் கத்தினேன். அதை அடைப்பதற்குப் பலகை கூட அறுத்துவிட்டார். நல்லவேளை, குற்றாலத்துக்குப் போய் அந்தப் பட்லரைக் கேட்டுவிட்டு வந்தார். அந்தப் பிளவு வழியாகக் கத்தி மாதிரி ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் காற்றில் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் போகுமாம்.

அதைக் கேட்கத் தோன்றியவருக்கு மற்றதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே தெரியவில்லை. பலகை இடுக்கைச் சொல்லுகிறேன். எங்கள் வீட்டில் புதுத் துணி வந்தால் முதல் வேலை தண்ணீரில் ஊறப்போடுவதுதான். ஊறினால் பருத்தி சுருங்கும். சுருங்கின பிறகுதான் வெட்டுவோம். தையல்காரர் வீட்டில் தண்ணீர் என்றால் சுருக்குகிற சாமான். உன் தாத்தா அந்த இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"காஞ்சு கெடக்கும்போதே இம்புட்டு இடவெளி. நனஞ்சு சுருங்குனா என்னத்துக்காவும்?"

"இறுக்கி அடைங்க" என்றேன் நான். நானும் அதே வீட்டில்தானே சோறு தின்கிறேன்.

"நல்லா இறுக்கி அடைங்கப்பா" என்றாள் பிள்ளை.

பஞ்சைத் திரியாகத் திரித்துக் கொடுத்தாள். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தேன். தெரு முழுக்கச் செத்த வீடு மாதிரி புகை. அந்தத் திரியை உளியால் அடித்து அடித்து இறக்கினார். அதற்கு மேலும் இடம் இருந்த இடத்தில் மெல்லிய மரச் சிம்பைச் செதுக்கிச் சுத்தியலால் ஏற்றினார். காஜாவுக்குள் பித்தான் நிற்கிற மாதிரி கிண்ணென்று நின்றது. அதன் மேல் பச்சைப் பெயிண்ட். சாரல் காலத்தில் ஒரு சொட்டு விழக் கூடாது என்று தென்னங்கீற்று வேறு வேய்ந்தார். பிறந்த குழந்தையைக் கூட அப்படிப் பொத்தி வைக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஆசனம் செய்ததுதான் பெரிய வேலை. டேப்பை எடுத்து அளந்தார். உட்கார்ந்த உயரம், இடுப்பு, முதுகு, முழங்கை எட்டுகிற தூரம். "நிமிந்து இரு மக்கா. மூச்ச விடு" என்று மாப்பிள்ளை கோட்டுக்கு அளக்கிற மாதிரி அளந்தார். "யப்பா, கழுத்துப் பட்டியும் வைப்பியளா?" என்றாள். முதுகு சாயப் பலகை, இரண்டு பக்கமும் கை வைக்கக் கட்டை, இடுப்பைச் சுற்றிக் கட்டக் கித்தானில் ஒரு வார். பாய்க் கயிற்றை வளையத்துக்குள் விட்டு அவள் மடிக்கே கொண்டுவந்தார். சுக்கான் கட்டையை நீளமாக்கி அவள் கைக்குள் வைத்தார். அந்த ஆசனத்தில் நான் உட்கார்ந்து பார்க்கலாம் என்று போனேன். ஒரு பாதி கூட உள்ளே இறங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் சுவருக்கு மேல் மதினியின் தலை வந்துவிட்டது.

ஆனி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் சாரல் இல்லை, காற்று மட்டும். "யப்பா, பாய ஏத்துங்க. பழகிக்கிடுதேன்" என்றாள். படகு நான்கு கல்லுக்கு மேல் நிற்கிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று கீற்றை ஒதுக்கிவிட்டு ஏற்றினார். பாய் ஒரு உதறு உதறியது. பிறகு வயிறு புடைத்தது. படகு கல்லை விட்டுக் கிளம்பிவிட்டது, பெண்ணே. வைக்கோல் போரில் போய் முட்டி, பாதிப் போரைச் சரித்துவிட்டு நின்றது. கோழிகள் கூரைக்கு ஏறிவிட்டன. நான் "அய்யோ எம் பிள்ள" என்று ஓடினால், தலை முழுக்க வைக்கோலோடு உட்கார்ந்திருக்கிறாள். கையில் கயிறு விடவில்லை.

"யம்மா, பாத்தியளா? நானாப் போனேன்."

அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கார்த்திகையில் குளம் நிறைந்தது. ஊருக்கு மேற்கே, குற்றாலம் போகிற வழியில் உள்ள குளம். வண்டியில் படகை ஏற்றினோம். தெருவே பின்னால் வந்தது. தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் வைத்து, "பஸ்ஸுக்கு வைக்க மாதிரி சக்கரத்துக்கு அடியில வைக்கணும்" என்று ஒரு பெரியவர் சக்கரத்தைத் தேடினார். உன் தாத்தா பிள்ளையைத் தூக்கி ஆசனத்தில் வைத்து வாரைக் கட்டினார். "இதுதாம்ப்பா கடைசித் தூக்கு" என்றாள்.

இறக்கியதும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அத்தனை பேரும் கை தட்டினார்கள். வாடைக்காற்று மெல்ல வந்தது. பாய் நிறைந்து படகு நகர்ந்தது. உன் தாத்தாவுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் படகோடு கட்டின கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கரையோரமாகவே போய்க் கரையோரமாகவே வந்தது. கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டக் கொண்டுபோகிற மாதிரி.

"கயித்த விடுங்கப்பா."

"இன்னைக்கு ஒரு நா நான் புடிச்சுக்கிடுதேன் மக்கா. ஆழத்தப் பாக்கணும், காத்தப் பாக்கணும். நாளைக்கு நீயாப் போ."

"நாளைக்கா?"

"நாளைக்கு. சத்தியமா."

அவள் சரி என்றாள். அடம் பிடிக்கவில்லை. அப்பா சொன்ன நாளில் துணி கொடுக்கத் தவறினதே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

படகைக் கரையில் மருத மரத்தில் கட்டிவிட்டு வந்தோம். அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அடைமழை. நாளை என்பது தள்ளிக்கொண்டே போனது. பிள்ளை ஜன்னலில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்ட காலையில் அவளைக் கேரியரில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். குளக்கரையில் சைக்கிள் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகு மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கிடந்தது. ஆட்களை வைத்து இழுத்துப் போட்டோம். பலகைகள் ஊறிப் பருத்து, போவதற்கு இடமில்லாமல் ஒன்றை ஒன்று நெருக்கி வெளியே பிதுங்கியிருந்தன. செப்பாணி எல்லாம் பிடுங்கிக்கொண்டு நின்றன. உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டைகள் நடுவில் முறிந்திருந்தன. மரச் சிம்பு மட்டும் அடித்த இடத்தில் அடித்த மாதிரி இருந்தது.

உன் தாத்தா பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார். "சுருங்கலையே" என்றார். "சுருங்கலையே, சுருங்கலையே" என்று அதையே சொன்னார்.

பிள்ளைதான் சொன்னாள். "யப்பா, நம்ம அடுப்பங்கரக் கதவு சாரல்ல தொறக்காதுல்லா. அம்மா ஏசிக்கிட்டே முட்டித் தள்ளுவாவல்லா. அது மாதிரியாப்பா?"

நான் அந்தக் கதவை வருஷா வருஷம் ஏசியிருக்கிறேன். இடுப்பால் இடித்திருக்கிறேன். சவத்துக் கதவு என்று சொல்லியிருக்கிறேன். அது ஏன் இறுகுகிறது என்று ஒரு நாள் நினைத்ததில்லை. உன் தாத்தா அந்தச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் கேரியரில் இருந்தபடியே கையை நீட்டி அவர் தலையைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை.

"விடுங்கப்பா. ஆல்ட்டர் பண்ணிக்கிடலாம்" என்றாள். "துணியாவது கிழியலல்லா."

ஆல்ட்டர் பண்ணினார். மார்கழி, தை, மாசி என்று மறுபடியும் முதலிலிருந்து. முறிந்த கட்டைகளை எடுத்துப் போட்டார். புதுக் கட்டையை வெந்நீர் ஊற்றி ஊற்றி வளைத்தார். சிம்பை எல்லாம் பிடுங்கினார். இந்தத் தடவை இடுக்கில் பஞ்சு கொஞ்சமாகத்தான். "தையலுக்கு உள்ள துணி விட்டுத் தைக்கோம்லா, அது மாதிரி மரத்துக்கு எடம் விடணும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். கீற்றையும் பிரித்துப் போட்டார். தினமும் காலையில் பலகைக்குத் தண்ணீர் ஊற்றுவது பிள்ளையின் வேலை. முற்றத்தில் நகர்ந்து நகர்ந்து போய் செம்பு செம்பாக ஊற்றுவாள். "குடி, குடி. கார்த்திகையில எனக்குப் பேர் வாங்கித் தரணும்" என்பாள்.

ஆடிச் சாரலில் அவளுக்குச் சளி பிடித்தது. கால் விழுந்த பிள்ளைக்கு நெஞ்சிலும் பலம் இல்லை என்று டாக்டர் சொன்னார். சளியை வெளியே தள்ள இருமக் கூட அவளுக்குத் தெம்பு வரவில்லை. வெளியே படகு நனைந்துகொண்டு நின்றது. அவள் ஜன்னலைத் திறக்கச் சொல்வாள். குளிர் ஆகாது என்பேன்.

"படகு நனையுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா."

"நல்லா நனையுது."

"இடுக்கு மூடிட்டா?"

"மூடிக்கிட்டே வருது."

உண்மையாகவே மூடிக்கொண்டு வந்தது. நான் பொய் சொல்லவில்லை. அவளைத் திருநெல்வேலிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறபோது ஒரு பெட்ஷீட்டில் சுற்றி அவள் அப்பா தூக்கினார். "பார்சல்" என்று ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது. மீதியை நான் சொன்னேன். "பைய எறக்குங்க, உள்ள கண்ணாடி இருக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போதும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

மூக்கைத் துடைப்பாய் என்று சொன்னேன் அல்லவா. இந்தா, அந்தத் துண்டை எடுத்துக்கொள்.

பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போனபிறகு, ஒரு நாள் காலையில் செம்புச் சத்தம் கேட்டது. புறவாசலில் அவர் படகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆவணி, புரட்டாசி முழுக்க ஊற்றினார். தெருவில், "தையல்காரருக்குக் கோட்டி புடிச்சிட்டு" என்றார்கள். மிஷினில் உட்கார்ந்தால் தையல் நேராகப் போனது. எனக்கு அது போதும்.

கார்த்திகை வந்தது. "அந்தக் குளம் வேண்டாம்" என்றார். கீழப்பாவூரில் அவருடைய அக்கா வீடு. அங்கே பெரிய குளம். விடிந்ததும் வண்டியில் படகை ஏற்றினோம். தேங்காய் இல்லை, சூடம் இல்லை. நாங்கள் இருவரும் வண்டிக்காரரும்தான்.

"இனி எதுக்குங்க?" என்று வழியில் கேட்டேன்.

"தச்சது சரியா வந்திருக்கான்னு பாக்க வேண்டாமா?"

தண்ணீரில் இறக்கினோம். முதலில் அங்கங்கே கசிந்தது. என்னைப் பார்த்து, "கசியணும். அப்பந்தான் சரி" என்றார். கசிந்த தண்ணீரைச் செம்பால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தார். வெயில் ஏற ஏறப் பலகைகள் ஊறி ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. நெருக்கவில்லை, பிதுங்கவில்லை. மத்தியானத்துக்கெல்லாம் உள்ளே காய்ந்த தரை. ஒரு சொட்டு இல்லை. பாயை ஏற்றினார். காற்று வந்து நிறைந்தது. கட்டின கயிற்றை விறைக்க இழுத்துக்கொண்டு படகு துடித்தது, எங்கேயோ போக அவசரம் இருக்கிற மாதிரி. உள்ளே ஆசனத்தில் யாரும் இல்லை. அதில் உட்காரக்கூடிய ஆள் இந்த உலகத்தில் வேறு இல்லை.

"அளவு சரியா இருக்கு" என்றார்.

பிறகு பாயை இறக்கிக்கொண்டே, "அன்னைக்கே கயித்த விட்டிருக்கலாம்" என்றார்.

நான் செம்பைக் கழுவி வண்டியில் வைத்தேன்.

அந்தக் குளத்தில் ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று தாமரை இலை பறித்துக்கொண்டிருந்தார், சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்க. உன் தாத்தா அவரைக் கூப்பிட்டு, "இத வச்சிக்கிடுதியளா அண்ணாச்சி?" என்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, "எல எடுத்துப் போட எடம் பத்தாது. இந்த நாற்காலியக் கழத்திக்கிடலாமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு என்ன தெரியும்?

"நானே கழத்தித் தாரேன்" என்றார் இவர்.

தண்ணீரில் நின்றுகொண்டே ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். வாரை மடித்தார், புதுச் சட்டையை மடிக்கிற மாதிரி ஓரத்தோடு ஓரம் சேர்த்து. ஆசனத்தை வண்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்தார். அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்காதே. கேட்டால் அடிப்பேன்.

வண்டி தெருவுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வெறும் வண்டியைப் பார்த்ததும் சுவருக்கு மேல் மதினியின் தலை வந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு தலை.

"என்ன மதினி, படகக் கொண்டு போனியளே, மெதந்துச்சா?"

மிதந்தது என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேரும் கன்னத்தில் கை வைப்பார்கள். பாவம், அந்தப் பிள்ளை இருந்திருந்தால் என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். அந்த வாக்கியத்தை முழுசாகக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. உன் தாத்தா தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"மெதக்கவா? எறக்குன ஒடனே குபுக்குன்னு உள்ள போயிட்டு மதினி. ஜம்பர் தைக்கவுக ஜம்பர் தைக்கணும்னு நான் அன்னைக்கே சொன்னேன், கேட்டாவளா? கீழப்பாவூர்த் தவளைக்கெல்லாம் இப்பம் பச்ச பெயிண்ட் அடிச்ச வீடு. செருப்பும் சேந்து போயிட்டு. வேணும்னா அவியளையே கேளுங்க."

"ஆமா" என்றார் அவர், குனிந்தபடியே. "ஒழுகிட்டு."

அவர்கள் சிரித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓயும் முன்னால் நான் அடுத்ததையும் சொன்னேன்.

"சிரிச்சது போதும். படகு முங்கின வீடு மதினி. எங்க வீட்ல இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கக் கூடாது. நீங்கதான் ரெண்டு பேருக்குச் சோறு கொண்டு வரணும்."